பெட்டி மாறினால் பண்டம் மாறுமா?



சென்ற கிழமை என் தமக்கையாரின் மகன், உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன், வாடிய முகத்தோடு என்னிடம் வந்து சேர்ந்தான். அவன் பெற்றோரின் திருமணம் வீ.எச்.எஸ். நாடாவிற் பதிவு செய்யப்பெற்றுப் பின்னர் டீ.வீ.டீ. இறுவட்டுக்கு மாற்றப்பெற்றது. நாடாவோ பூஞ்சணம் பிடித்து அழிந்துபோயிற்று. பந்தலின் ஓரத்தில் நின்று படம்பிடிப்பவரைப் பார்த்து, "தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்று என் அன்னையார் கேட்கும் காட்சியொன்று அதில் உண்டு. அன்னையார் இன்று இல்லை. அவர் குரல் எஞ்சியிருப்பது அந்த ஒரு வட்டில் மாத்திரமே.

திருமண நாளுக்கு அதனைச் சுருக்கித் தொகுத்துப் பெற்றோருக்கு அளிக்க எண்ணிய மருமகன், கோப்பின் பெயரிலிருந்த 'வொப்' என்னும் ஈற்றை 'எம்.பீ.4' என மாற்றினானாம். தொகுப்பு மென்பொருள் ஏற்க மறுத்துவிட்டது. மிளகாய்த்தூள் டின்னிற் 'சீனி' என்றெழுதி ஒட்டினால் தேநீர் இனிக்குமா, சொல்லுங்கள்!

கோப்பு என்பது ஒரு பெட்டி. அதனுள்ளே படமும் ஒலியும் வெவ்வேறு முறைகளிற் சுருக்கி அடுக்கப்பட்டுள்ளன. அவனுடைய வட்டிற் படம் 'எம்பெக்-2' முறையில் அமைந்தது. பீ.ஏ.எல். தொலைக்காட்சி முறைப்படி செக்கனுக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் 720 புள்ளி அகலமும் 576 வரி உயரமும் உடையது. இவற்றுள் 12 அல்லது 15 படங்களுக்கு ஒன்றே பெரும்பாலும் முழுமையாக எழுதப்படும். ஏனையவை அயற்படங்களினின்றும் மாறிய பகுதிகளையே தாங்குவன. பார்ப்பதற்கு இது போதும். வெட்டி ஒட்டுவோருக்கோ, இடையிலுள்ள ஒரு படத்தைப் பெற அயலிலுள்ளவற்றையும் விரித்தாக வேண்டும், கணினி திணறுகின்றது. ஆகவேதான் ஒவ்வொரு படமும் முழுமையாகவுள்ள 'புரோரெஸ்' முதலிய முறைகளுக்கு மாற்றித் தொகுத்தல் நன்று. இடம் பன்மடங்கு வேண்டும். வேலை முடிந்தபின் அவ்விடைக்கோப்பை அழித்துவிடலாம்.

இனிச் செய்முறை. முதலாவது, வட்டிலுள்ள 'வீடியோ டீ.எஸ்.' உறை முழுவதையும் வன்தட்டிற் பிரதிசெய்க. வொப் கோப்பொன்று 1 கிகாபைற்றைத் தாண்டாது. ஆதலால் ஒரே படம் பல துண்டுகளாயிருக்கும். அவற்றை வரிசை பிறழாது ஒன்றாக இணைத்தே மாற்றுதல் வேண்டும். இன்றேல் பொருத்துகளில் ஒலி தடுமாறக்கூடும். பிரான்சு நாட்டவரான பப்ரிஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டிற் தொடங்கிய 'எவ்.எவ்.எம்பெக்' என்னும் இலவச மென்பொருள் இதற்குக் கைகொடுக்கும். கட்டளை எழுத அஞ்சுவோர் 'ஷொட்கட்' என்னும் இலவச மென்பொருளை நாடலாம்.

இரண்டாவது, பழைய முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக, செக்கனின் ஐம்பதிலொரு பங்கு இடைவெளியிற் பதிவானது. கை அசையுமிடத்துச் சீப்புப் பற்கள் போன்ற கீற்றுகள் தோன்றுவது இதனாலேயே. மாற்றும்போது 'டீஇன்டர்லேஸ்' என்பதைத் தெரிவுசெய்தால் அவை நீங்கும்.

மூன்றாவது, அகல உயர விகிதத்தை 4:3 எனக் குறித்தல் வேண்டும். தவறினால் மணமக்கள் மெலிந்து தோன்றுவர்.

நான்காவது, கைத்தொலைபேசியில் எடுத்த வாழ்த்துரைகளையும் சேர்ப்போர் கவனிக்க. அவற்றில் செக்கனுக்கான படங்களின் தொகை பெரும்பாலும் நிலையாக இராது. அப்படியே தொகுத்தால், வரவர உதடு ஒன்று பேசக் குரல் வேறொன்று பேசும். நிலையான வேகத்துக்கு மாற்றிய பின்னரே தொகுப்பைத் தொடங்குக.

எல்லாம் நிறைவேறியதும் மருமகன், "மாமா, இனி இந்த வட்டை எறியட்டோ?" என்றான். எனக்குச் சினம் வந்துவிட்டது. மீண்டும் மீண்டும் சுருக்குந்தோறும் படத்தின் நயம் சிறிது குன்றும். மூலம் கையிலிருந்தால் எந்நாளும் புதிதாகத் தொடங்கலாம். வீட்டிற் பதிவுசெய்த வட்டின் சாயமும் காலத்தால் மங்கும். எனவே வட்டையும் பேணி, அதன் பிரதியை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வைக்கச் சொன்னேன். ஒன்று இப்போது என் அலுமாரியில் இருக்கின்றது.

அன்று மாலை அந்தக் காட்சியைத் திரையிற் கண்டோம். கீற்றில்லை, தடுமாற்றமில்லை. "தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்று அன்னையார் கேட்டார். அம்மம்மாவைக் கண்டறியாத மருமகன், "ஓம்" என்று மெல்லச் சொன்னான்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இத்தகைய வட்டொன்று இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள்.