சித்திரமும் கட்டடமும்

கட்டடம் கட்ட விரும்புகிறவரின் கருத்தை அறிந்து, முதன்முதலில் காகிதத்தில் கோடிட்டுக் காட்டுவது சிற்பியின் தொழில். அத்தொழிலில் இப்பொழுது யந்திரமும் பங்கு கேட்கிறது. டால்-ஈ, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் 2022-ம் வருஷத்தில் பொதுஜன உபயோகத்துக்கு வந்தன. நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் சிறிது நேரத்தில் நாலு மாளிகைகள் கண்முன் எழும்புகின்றன. லண்டன் ஜாஹா ஹடீத் நிலையத்தின் தலைவர் பாட்ரிக் ஷூமாக்கர், தமது நிலையத்தின் பெரும்பான்மையான வேலைகளில் ஆரம்ப யோசனைக்கு இத்தகைய படங்கள் பயன்படுவதாக 2023-ல் பகிரங்கமாகக் கூறினார். நம் நாட்டு நிபுணர்களும் இவற்றைக் கையாளத் தொடங்கியிருக்கின்றனர்.

யந்திரத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அல்லோம் நாம். ஒரே நாளில் பத்து யோசனைகளைப் பார்த்து ஒன்பதைத் தள்ளிவிட உதவுமாயின் அது நன்மையே. ஆயினும் முதலில் காட்டப்படும் படமே கட்டடத்தின் தலைவிதியை நிர்ணயித்து விடுகிறது. படத்தில் மயங்கிய கமிட்டி, பிறகு பிளானையும் எஸ்டிமேட்டையும் அப்படத்துக்கு இணங்க வளைக்கவே முயலும். யந்திரமோ பாரம் தாங்காத தூணையும், எங்கும் போய்ச் சேராத படிக்கட்டையும் கூசாமல் வரையும். மேல்காற்றும் ஐப்பசி மழையும் அது அறியாதவை.

அப்படங்களின் மூலம் யாது? ஸ்டேபிள் டிஃப்யூஷன் முதலில் பயின்றது, லயான் என்னும் தொகுப்பிலுள்ள சுமார் 232 கோடிப் படங்களைக் கொண்ட இங்கிலீஷ்ப் பகுதியிலிருந்து. இங்கிலீஷில் குறிப்பெழுதப்படாத திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் அதற்கு எவ்வாறு தெரியும்? அந்நியரின் கண்ணாடி மாளிகையையே நமது எதிர்காலமென்று அது காட்டினால் வியப்பில்லை. அதை நம்பிக் கட்டியபின் வெயிலைத் தணிக்கும் மின்சாரச் செலவு நம்முடையது.

இங்கிலாந்தில் பிறந்து நமது தேசத்தையே தம் தேசமாகக் கொண்ட லாரி பேக்கர், வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கவேண்டும் என்று மகாத்மா தமக்குக் கூறியதாகச் சொல்லி வந்தார். திருவனந்தபுரத்தில் 1970-களில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தில், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்களின் வழியே காற்றும் வெளிச்சமும் உட்புகுகின்றன. அங்கே உருவம் பிறந்தது மண்ணிலிருந்தும் கொத்தனார் கையிலிருந்தும், படத்திலிருந்து அன்று.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. பொதுஜனப் பணத்தில் எழும் எந்தக் கட்டடத்துக்கும், மனையின் அளவு, பிளான், உத்தேசச் செலவு ஆகியவை இன்றி யந்திரப் படத்தை மட்டும் காட்டிச் சம்மதம் பெறுதல் கூடாது. அது யந்திரம் வரைந்தது என்பதும் படத்தின்மேலேயே எழுதப்படவேண்டும். நமது கல்லூரிகள், நம் ஊர்க் கட்டடங்களை அளந்து வரைந்து, தமிழில் குறிப்பெழுதிச் சேகரிக்கவேண்டும். யந்திரம் சிற்பிக்கு ஊழியம் செய்யட்டும். ஊருக்கு எஜமானனாக வேண்டாம். படத்தில் எவரும் குடியிருப்பதில்லை. கட்டடத்திலோ நம் பிள்ளைகள் வாழவேண்டும்.