உறைமேல் முகவரி

'மறைக்க எதுவுமில்லாதவர்கள் எதற்கு அஞ்ச வேண்டும்?' விடுதி வைஃபை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியர்களாகிய நாம் மாணவர்களிடம் கேட்கும் கேள்வி இது. அப்படியானால் நம் கடிதங்களை மட்டும் ஏன் உறையிலிட்டு ஒட்டினோம்?

2010இல் வெளிவந்த ஃபயர்ஷீப் என்னும் சிறு மென்பொருள், பூட்டில்லாத வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்கில் எவரும் நுழையலாம் என்று காட்டியது. அன்று இணையத்தில் நாம் எழுதியவற்றுள் பெரும்பகுதி அஞ்சலட்டையாகவே பயணித்தது. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தால் கடிதத்தை உறையிலிட்டுவிட்டன. ஆயினும் உறைமேல் முகவரி உண்டே! எந்தத் தளத்துக்கு, எப்போது சென்றோம் என்பதை இணைப்பை நடத்துபவர் பெரும்பாலும் அறிய முடியும்.

விடுதி வைஃபையில் ஒரு மாணவி நள்ளிரவில் மனநல ஆலோசனைத் தளத்தைத் திறந்தாள் என்றறியக் கடிதத்தைப் பிரிக்க வேண்டியதில்லை, முகவரியே போதும். அவள் மறைத்தது குற்றமன்று, துயரம். அதை யாரிடம் சொல்வதென்று முடிவுசெய்யும் உரிமை அவளுடையது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். இணைப்பை இரவல் தந்தோம் என்பதால் அவ்வுரிமை நம் கைக்கு வந்துவிடாது. விருந்தினரின் பையைத் துழாவும் வீட்டை நாம் என்னவென்று சொல்வோம்?