ஆஃபர் லெட்டர் ஓகே... வீடு கிடைக்குமா? ‘எல்லோருக்குமான ஆபீஸ்’ சறுக்கும் இடம்

2017 ஜூன் மாதம் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, ரயிலுக்கு இணையாகப் பேசப்பட்டவர்கள் அதன் ஊழியர்கள். திருநர் 23 பேரைத் தேர்வு செய்து, டிக்கெட் கவுன்டர், ஹவுஸ்கீப்பிங் எனப் பணியமர்த்தியிருந்தது நிர்வாகம். நாடு தாண்டியும் பாராட்டு குவிந்தது.

சரி, அடுத்து என்ன நடந்தது?

சில நாள்களிலேயே, வேலையில் சேர்ந்த 21 பேரில் 8 பேர் விலகிவிட்டதாகச் செய்தி வந்தது. முக்கியக் காரணம் வேலை அல்ல, வீடு. கொச்சியில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர ஆள் இல்லை. லாட்ஜில் தங்கலாம்தான். ஆனால் தினமும் ரூம் வாடகை கொடுத்தால் மாதச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? விஷயம் வெளியே வந்த பிறகுதான் தங்குமிட ஏற்பாடுகள் வேகமெடுத்தன.

கொச்சி மெட்ரோவைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. மற்றவர்கள் யோசிக்கக்கூடச் செய்யாததை அவர்கள் செய்தார்கள். ஆனால், ஆளை எடுப்பது ஒரு வேலை, எடுத்த ஆள் நிலைத்து இருக்க வழி செய்வது வேறு வேலை என்பது அங்கே பளிச்சென்று தெரிந்தது. நம் நிறுவனங்களில் முதல் வேலைக்கு டார்கெட் இருக்கிறது, போஸ்டர் இருக்கிறது, லிங்க்ட்இன் பதிவும் இருக்கிறது. இரண்டாவதுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஹெச்.ஆர். பக்கம் கை காட்டுவார்கள்.

சட்டம் போதாதா?

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு, 50 பேர் இருந்தால் குழந்தைகள் காப்பகம், மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கை எனப் பட்டியல் நீளும்.

துணிக்கடை நாற்காலியையே எடுத்துக்கொள்ளுங்களேன். நாள் முழுக்க நின்றுகொண்டே விற்ற கோழிக்கோடு கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு, 2018-ல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. கடையில் நாற்காலி போட வைக்கச் சட்டத்தால் முடியும். அதில் உட்கார்ந்தவரைப் பார்த்து, “என்னம்மா, கஸ்டமர் வர்றது தெரியலையா?” என்று சூப்பர்வைசர் முறைத்தால்? அடுத்த நாள் அந்த நாற்காலியில் பை மட்டும்தான் இருக்கும்.

ஆபீஸ்களிலும் இதே கதைதான். தலைமை என்றதும் நமக்கு சி.இ.ஓ. ஞாபகம் வருகிறது. உண்மையில் நம் அன்றாடத்தைத் தீர்மானிப்பவர் டீம் லீட். மாலை 7 மணிக்கு மீட்டிங் வைப்பது அவர்தான். 6 மணிக்குக் காப்பகத்திலிருந்து குழந்தையை அழைத்துவரக் கிளம்புகிற பெண்ணுக்கு, அப்ரைசலில் ‘கமிட்மென்ட் குறைவு’ என்று எழுதுவதும் அவர்தான். தமிழ் மீடியத்தில் படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி மீட்டிங்கில் தடுமாறும்போது, “தமிழ்லயே சொல்லுங்க, பரவாயில்ல” என்று சொல்ல அவரால் முடியும். இதற்குப் பட்ஜெட்கூட வேண்டாம்!

இன்னொன்று இருக்கிறது, அதிகம் பேசப்படுவதில்லை. “எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” என்ற கேள்வி. கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். டைவர்சிட்டி ஸ்லைடுகளில் பாலினம் வரும், மாற்றுத்திறன் வரும்; சாதி என்ற சொல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வி டீ பிரேக்கில் வந்து விழும்போது மேனேஜர் சிரித்து மழுப்புகிறாரா, பேச்சை நிறுத்துகிறாரா? புதிதாகச் சேர்ந்தவர் அங்கே தொடர்வதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்குவது அந்த நிமிடத்தில்தான். ‘ரெஃபரல்’ மூலமே ஆள் எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விக்கே தேவை இருக்காது. ஒரே கல்லூரி, ஒரே வட்டம், சமயத்தில் ஒரே சாதி என்று டீம் தானாக அமைந்துவிடும்.

வீட்டுக்கு என்ன வழி?

தமிழக அரசு ‘தோழி’ விடுதிகளை நடத்துகிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது நிஜமான உதவி. ஆனால் தனியாக வாழும் பெண், திருநங்கை, சாதி கேட்டு வீடு மறுக்கப்படுபவர் என எல்லோருக்கும் அரசு விடுதி மட்டுமே பதிலாக முடியாது. இங்கே நிறுவனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உயரதிகாரிக்கு அபார்ட்மென்ட் பார்த்து, கம்பெனி பெயரிலேயே வாடகை ஒப்பந்தம் போட்டு, அட்வான்ஸும் கட்டுகிறார்கள். வீட்டு உரிமையாளர் பேசுவது தனிநபரிடம் அல்ல, ஒரு நிறுவனத்திடம். அதே ஒப்பந்தத்தை டிக்கெட் கவுன்டரில் உட்காரப்போகும் ஊழியருக்கும் போடலாம். கையெழுத்துப் போடும் அதிகாரம் ஹெச்.ஆர். எக்ஸிக்யூட்டிவிடம் இல்லை. அவருக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறது.