மேட்ச்சா... இன்டர்வியூவா?

ஒரே நாள்ல காலேஜ் டீமுக்கு முக்கியமான மேட்ச். உங்க வாழ்க்கையையே மாத்தப்போற இன்டர்வியூ. நீங்க எதுக்குப் போவீங்க?

2008 நவம்பர் 22. இதே சிக்கல்ல மாட்டினார் மைரன் ரோல். அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் தடுப்பாட்டக்காரர். (அவங்க ஊர் ஃபுட்பால்னா, பந்தைக் கையில அணைச்சுக்கிட்டு ஓடுற, முட்டி மோதுற ஆட்டம்!) பள்ளியை முடிக்கும்போதே 80-க்கும் அதிகமான கல்லூரிகள் ஸ்காலர்ஷிப்போடு கூப்பிட்ட ஆள். படிப்பிலும் புலி. பட்டப்படிப்பை இரண்டரை வருஷத்திலேயே முடிச்சவர்.

அன்னிக்கு அலபாமாவில் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் இன்டர்வியூ. ராத்திரி, தூரத்து மேரிலாண்டில் மேட்ச். ரோல் முதல்ல இன்டர்வியூவுக்குப் போனார். ஸ்காலர்ஷிப் கிடைச்சது. உடனே தனி விமானத்தில் பறந்து, ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் வந்து சேர்ந்தார். அணியும் 37-3 என்று ஜெயிச்சது.

'சுபம்' போட்டுடலாமா? பொறுங்க, கதையே இனிமேதான்.

புரொஃபஷனல் ஆட்டத்தைத் தள்ளிவெச்சுட்டு, 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். திரும்பி வந்து என்.எஃப்.எல். தேர்வுக்கு நின்னப்போ, 'டீமை அம்போன்னு விட்டுட்டுப் போனோமேன்னு இல்லையா?' என்கிற ரீதியில் ஓர் அணி கேட்டதாம். 2010-ல் டென்னஸி டைட்டன்ஸ் ஆறாவது சுற்றில், 207-வது ஆளாகத்தான் அவரை எடுத்தது. அப்புறம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். ஒரே ஒரு லீக் மேட்ச்கூட ஆடாமலே எல்லாம் முடிஞ்சுபோச்சு.

படிக்கப் போனதாலதான் ஆட்டம் போச்சா? நேர்மையாச் சொன்னா, அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். ஆசைப்பட்டதுக்கு விலை உண்டு பாஸ்!

மனசு உடைஞ்சு வீட்டுக்கு வந்தவர்கிட்ட, அம்மா ஒரு பழைய நோட்டை எடுத்து நீட்டினாராம். அஞ்சாம் வகுப்புல ரோல் எழுதின ரெண்டு கனவு அதுல இருந்தது. ஒண்ணு, என்.எஃப்.எல். ரெண்டு, நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். 'முதல் கனவைத் தொட்டுட்டே, இனி ரெண்டாவதைப் பார்ப்போம்' என்றாராம் அம்மா.

2013-ல் மறுபடி முதல் வருஷ மாணவர். 2017-ல் டாக்டர். அடுத்து பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பயிற்சி. 'தினமும் 2 சதவிகிதம் முன்னேறினாப் போதும்' என்று காலேஜ் கோச் சொன்னதை, ஆபரேஷன் தியேட்டருக்கும் கொண்டுபோனார் மனுஷன்!

கிரவுண்டே கதின்னு கிடக்கிற நண்பா, தாராளமா ஆடு. ஆனா உன் நோட்டுல ரெண்டாவது வரி எழுதியாச்சா?