பேனா யார் கையில் இருக்க வேண்டும்?

2005ஆம் ஆண்டு மலையாளத்தில் ஒரே பெண்ணின் தன்வரலாறு இரண்டு முறை வெளிவந்தது. திருச்சூர் பக்கத்தில் பிறந்த நளினி ஜமீலா, பாலியல் தொழிலாளர்களின் உரிமைக்காகப் பேசிவந்தவர். சமூகச் செயற்பாட்டாளர் ஒருவரின் உதவியோடு உருவான அவருடைய முதல் புத்தகம், நூறு நாட்களில் 13,000 பிரதிகள் விற்றது. பலருக்கு அந்த வெற்றியே போதுமானதாக இருந்திருக்கும். நளினிக்குப் போதவில்லை. அச்சில் வந்தது தான் சொல்ல நினைத்த விதத்தில் இல்லை என்று அவருக்குப் பட்டது. வேறு சில நண்பர்களை உடன் வைத்துக்கொண்டு அதே ஆண்டிலேயே தன் கதையை மறுபடி எழுதி வெளியிட்டார். பின்னர் ஜெ. தேவிகாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது இந்த இரண்டாம் வடிவம்தான்.

இரண்டாவது முறையும் அவர் தனியாக எழுதவில்லை. இது முக்கியம். உதவியே வேண்டாம் என்று அவர் ஒதுங்கவில்லை. உதவுகிறவர் எந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும் என்பதில்தான் அவர் பிடிவாதமாக இருந்தார்.

அந்தப் பிடிவாதம் இன்று தமிழில் எழுத உட்காரும் பலருக்குத் தேவைப்படுகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர் தன் ஊரைப் பற்றி எழுத நினைக்கிறார். பிள்ளைகள் வெளியூர் போனபின் ஒரு பெண் முப்பது ஆண்டுகளாக மனதில் வைத்திருந்ததைத் தாளில் இறக்கப் பார்க்கிறார். கல்லூரி மாணவர் முதல் சிறுகதையோடு யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கிறார். இவர்களுக்காகப் பட்டறைகளும் இணையவழி வகுப்புகளும் வந்துவிட்டன. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவரோடு ஒருவராக உட்கார்ந்து கைப்பிரதியைப் பார்த்துத் தரும் எழுத்துப் பயிற்சியாளர்களும் வந்துவிட்டார்கள். எழுத்து பிறவியிலேயே வர வேண்டும், சொல்லிக்கொடுத்து வராது என்று இதை எள்ளுகிறவர்கள் உண்டு. பாட்டுக்கும் பரதத்துக்கும் குரு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எழுத்துக்கு மட்டும் ஏன் வேண்டாம்? வேண்டும்தான். அந்தக் குரு என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதில்தான் தெளிவு தேவை.

இதற்கு இந்தியாவிலேயே அருமையான உதாரணம் ஒன்று இருக்கிறது. பேபி ஹால்தர் வங்காளத்துப் பெண். பன்னிரண்டு வயதில் கல்யாணம், அடுத்த ஆண்டே குழந்தை, கூடவே அடி உதை. 1999இல் மூன்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு டெல்லிக்கு ரயில் ஏறினார். வீட்டுவேலை செய்து பிழைத்தவர் ஒருநாள் குர்கானில் பிரபோத் குமார் என்ற ஓய்வு பெற்ற மானிடவியல் பேராசிரியரின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன் அவர். அலமாரியைத் துடைக்கும்போது வங்காளப் புத்தகங்களின் முன்னால் அந்தப் பெண்ணின் கை தயங்கி நிற்பதை அவர் கவனித்தார். படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தஸ்லிமா நஸ்ரினின் இளமைக்கால நினைவுகளைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கித் தந்து, உன் வாழ்க்கையை எழுது என்று சொல்லிவிட்டுத் தென்னிந்தியப் பயணம் கிளம்பிவிட்டார். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது நூறு பக்கம் தயாராக இருந்தது. வேலை முடிந்த இரவுகளிலும் இரண்டு வேலைகளுக்கு நடுவிலும் எழுதிய பக்கங்கள் அவை.

பிரபோத் குமார் பிழைகளைத் திருத்தினார், செம்மைப்படுத்த உதவினார், நண்பர்களுக்குப் படிக்கக் கொடுத்தார், இந்தியில் மொழிபெயர்த்தார். 2002இல் ‘ஆலோ ஆந்தாரி’ முதலில் இந்தியில் வந்தது. வங்காள மூலம் அதற்குப் பிறகு. 2006இல் ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அந்தப் புத்தகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ‘நான்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறவர், திடீரென்று தன்னையே ‘பேபி’ என்று வேறு யாரையோ போலச் சொல்லத் தொடங்குகிறார். பிறகு மறுபடி ‘நான்’. பாடப்புத்தக இலக்கணப்படி இது பிழை. கை துறுதுறுவென்று இருக்கும் ஒரு செம்மையாளர் எல்லாவற்றையும் ‘நான்’ என்று மாற்றியிருப்பார். புத்தகமும் ஒழுங்காக இருந்திருக்கும். ஆனால் தன் பிள்ளைப்பருவத்தைத் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிற ஒரு பெண்ணை நாம் இழந்திருப்போம். அந்தத் தடுமாற்றத்தைத் தொடாமல் விட்டதுதான் அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி. எதைத் திருத்துவது என்பதை ஓர் ஆண்டில் கற்றுக்கொள்ளலாம். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ள அதைவிட நீண்ட பழக்கம் வேண்டும்.

நல்ல பயிற்சியாளரின் வேலை பெரும்பாலும் கேள்விதான். தமிழில் தன் அனுபவத்தை எழுத வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. பள்ளிக்கூடக் கட்டுரையையும் சுமந்துகொண்டு வருகிறார். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று குறிப்புச்சட்டகம் போட்டு எழுதிய கை அது. அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னால் ‘தியாகத்தின் திருவுருவம்’ என்று தொடங்கி, தாயைப் போற்றுவோம் என்று முடிக்கும். நடுவில் அம்மா இருக்கவே மாட்டார். இதைச் சிவப்பு மையால் அடிப்பதில் பயன் இல்லை. என்ன தியாகம், எந்த வருஷம், அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள், அம்மா அதைச் சொல்லிக் காட்டினாரா, மறைத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நாலாவது கேள்வியில் எழுத வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு யோசிப்பார். கட்டுரை இருப்பது அங்கேதான். அதை அவரே போய் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது இன்னொரு வழி. எழுதியவரின் நாக்கே இடறும் இடத்தில் பெரும்பாலும் அவருடையதல்லாத ஒரு சொல் உட்கார்ந்திருக்கும். முதல் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படித்துப் பார்க்கச் சொல்வதும் உண்டு. பலருடைய கட்டுரை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. உயிரோடு இருக்கும் மாமியாரையோ அண்ணனையோ பற்றி எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதா என்பதையும் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. முடிவு மட்டும் எழுதியவருடையதாகவே இருக்க வேண்டும்.

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது, அதன் மொழி தமிழ் வாசகர்களில் பலரைத் துணுக்குறச் செய்தது. கன்னியாஸ்திரி மடத்தைவிட்டு வெளியே வந்திருந்தவர், நண்பர் தூண்டியதால் எழுதினார். ஊர்ப் பேச்சு ஊர்ப் பேச்சாகவே அச்சேறியது. உரைநடையைச் சீர்செய்து தருகிறேன் என்று ஒருவர் இடையில் புகுந்திருந்தால், விருதுநகர் மாவட்டத்துச் சேரியின் குரல் பள்ளிக்கூடத் தமிழாக மாறியிருக்கும். தமிழ் தலித் எழுத்தின் வரலாற்றில் அந்த நூலுக்கு இன்று இருக்கும் இடமும் கிடைத்திருக்காது. தூண்டியவர் தூண்டுவதோடு நின்றதற்குத் தமிழ் கடன்பட்டிருக்கிறது.

நிற்கத் தெரியாதவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் கதை சொல்லும். அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் கூர்மையான வாசகர். கார்வரை முன்னுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1981இல் வெளிவந்த தொகுப்புக்காக லிஷ் கதைகளைப் பாதிக்குமேல் வெட்டினார். முடிவுகளை மாற்றினார், தலைப்புகளை மாற்றினார். குடியை விட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த கார்வர், 1980 ஜூலை 8 அன்று, இந்தப் புத்தகத்தை நிறுத்திவிடுங்கள் என்று மன்றாடி நீண்ட கடிதம் எழுதினார். புத்தகம் நிற்கவில்லை. அது அவருக்குப் பெரும் புகழையும் கொண்டுவந்தது.

அதில் ஒரு கதை. மகனின் பிறந்தநாளுக்குத் தாய் கேக் சொல்லிவைக்கிறாள். பையன் கார் மோதி மருத்துவமனையில் கிடக்கிறான். கேக்கை வாங்க யாரும் வராததால், நடந்தது தெரியாத பேக்கரிக்காரர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். லிஷ் வெட்டிய வடிவம் மணி அடிப்பதோடு, பையன் பிழைப்பானா என்பதே தெரியாமல் முடிந்துவிடுகிறது. கார்வர் எழுதியதில் பையன் இறந்துபோகிறான். பெற்றோர் நள்ளிரவில் பேக்கரிக்குப் போய்ச் சண்டை போடுகிறார்கள். அவர் மன்னிப்புக் கேட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, சூடான ரொட்டியைக் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறார். வெட்டிய கதையில் அச்சம் இருக்கிறது. கார்வர் எழுதியதில் மனிதர்கள் இருக்கிறார்கள். 1983இல் அடுத்த தொகுப்பில் கார்வர் அந்தக் கதையை முழு வடிவத்துக்கு மீட்டார். மற்ற கதைகளின் மூல வடிவங்கள் புத்தகமாக வந்தது 2009இல். அதற்குள் அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. லிஷின் வடிவமே மேல் என்று வாதிடும் விமர்சகர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருக்கட்டும். எழுதியவர் வேண்டாம் என்று மன்றாடிய பிறகு, எது மேல் என்று தீர்மானிக்கும் உரிமை திருத்துகிறவருக்குக் கிடையாது.

அதே நாட்டில் டே ஹோஹாஃப் என்ற பதிப்பாசிரியர் வேறு மாதிரி வேலை செய்தார். 1957இல் ஹார்ப்பர் லீ கொண்டுவந்த கைப்பிரதியில் கதாநாயகி வளர்ந்த பெண். சிறுவயது நினைவுகள் ஆங்காங்கே வந்துபோகும். ஹோஹாஃபுக்கு அந்த நினைவுகள்தான் பிடித்திருந்தன. அந்தச் சிறுமியின் பார்வையிலிருந்தே ஒரு நாவல் எழுதச் சொன்னார். லீ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதினார். 1960இல் வந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ அப்படிப் பிறந்ததுதான். ஹோஹாஃப் இடத்தைக் காட்டினார், தோண்டியது லீ.

இந்த வேறுபாட்டை இன்றைய சந்தை மழுப்பப் பார்க்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப் பற்றி அதிகபட்சம் 650 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை தன்னைத்தானே முதல்முறையாக உட்கார்ந்து யோசிக்க அது நல்ல வாய்ப்பு. பணம் உள்ள வீடுகளில் அந்த வாய்ப்பு ஆலோசகரின் மேசைக்குப் போய், பளபளவென்று வேறொருவரின் வாழ்க்கையாகத் திரும்பி வருகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அதைச் சில நொடிகளில் செய்து தருகின்றன. இரண்டிலும் நட்டம் ஒன்றுதான்: எழுதும்போது கிடைத்திருக்க வேண்டிய தெளிவு பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது.

இதற்குத் தடை போடுவதால் பயன் இருக்காது. கேள்வி கேட்கும் மனிதரை எல்லோருக்கும் எட்டும் இடத்தில் உட்காரவைப்பதுதான் வழி. பேபி ஹால்தருக்கு அப்படி ஒருவர் கிடைத்தது, அவர் வேலைக்குப் போன வீட்டின் தற்செயல். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ கூட்டம்போலத் தமிழில் எழுதியதைப் படித்துப் பேசும் இடங்கள் இருந்தது உண்மை; அடுத்த தெருவில் வீட்டு வேலை முடித்துவிட்டு உட்காரும் பெண்ணுக்கு அப்படிப்பட்ட சபை எட்டுமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் 1790 முதல் இயங்கும் ராயல் லிட்டரரி ஃபண்ட் என்ற எழுத்தாளர் நல அமைப்பு, 1999 முதல் எழுத்தாளர்களைப் பல்கலைக்கழகங்களில் அமர்த்திவருகிறது. எந்தத் துறை மாணவரும் கட்டணமில்லாமல் போய், எழுதியதைக் காட்டித் தனியாகப் பேசலாம். டொரன்டோ பொது நூலகம் எழுத்தாளர்களை அமர்த்தி, ஊர் மக்களின் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்ல வைக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாகக் கட்டடம் எதுவும் வேண்டாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் மக்கள் கட்டிவருகிறார்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன, வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. எழுத்தாளர்களும் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கௌரவமான ஊதியத்தோடு ஒரு வேலை தேவைப்படுகிறது. வாரத்தில் ஒரு நாள், ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். மூன்று நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சியாளர் ஒரு வாக்கியம்கூட எழுதித் தரக் கூடாது. அங்கே பேசியது அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. கைப்பிரதியை எழுதியவரே கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில் இருக்கும் பெண்களும் வர முடிகிற மாதிரி ஞாயிறு காலையில் ஒரு முறை இருக்கட்டும். முதல் ஆண்டில் ஐந்து மாவட்ட மைய நூலகங்களில் தொடங்கிப் பார்க்கலாம். யாரை அமர்த்துவது என்ற பட்டியலைப் பொது நூலகத் துறை அந்தந்த ஊர் வாசகர் வட்டத்திடம் கேட்டு வாங்கலாம்.