ஏவலும் ஏவுவோனும்

காரியாலயங்களிலே செயற்கை நுண்ணறிவு உதவியாளனைப் புகவிடுதல் தகுமோ என்னும் வாதத்துக்கு இனி இடமில்லை, அது புகுந்துவிட்டது. இன்று ஆராயற்பாலது, அதன் கையில் எந்தெந்தத் திறவுகோலைக் கொடுப்பது என்பதே.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தபோது அது கேட்டதற்கு விடை கூறும் அளவில் நின்றது. கடிதத்தை அது எழுதித் தரும். அஞ்சலில் இடுவது நம் வேலை. 2024 நவம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம் 'மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல்' என்னும் பொதுநெறியொன்றை வெளியிட்டது. மின்னஞ்சல், நாட்காட்டி, கோவைகள், கணக்கேடு என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இணைப்பு அமைக்கும் தொல்லையை நீக்கி, யாவற்றுக்கும் ஒரே வகை இணைப்பை அது வகுத்தது. 2025 மார்ச்சில் ஓபன்ஏஐ நிறுவனமும் அதனை ஏற்றது. கடிதங்களைப் படித்துச் சாரந்திரட்டி, கூட்டத்துக்கு நாட்குறித்து, அறிவித்தலையும் அனுப்பிவைக்கும் இலிகிதர் ஒருவர் சம்பளமின்றிக் கிடைத்தார் என மகிழ்வோர் பலர். (மாதச் சந்தா உண்டென்பதை அவர்கள் பின்னரே உணர்வர்.)

இவ்விலிகிதரிடம் ஒரு குறையுண்டு. அதனை இலக்கணக் குறை என்றே சொல்வேன். 'பட்டியலை அனுப்பு' என்பது ஏவல். 'பட்டியலை அனுப்பு என்று கடிதத்தில் உளது' என்பது செய்தி. இடைநின்ற 'என்று' ஏவுவோன் பிறன் எனக் காட்டிவிடுகின்றது. சிறு வகுப்பு மாணவனும் இதில் மயங்கான். இயந்திரத்துக்கோ, தலைவன் இட்ட கட்டளையும் அவன் படிக்கக் கொடுத்த கடிதத்தின் வாசகமும் ஒரே சொற்பெருக்காய் உட்செல்கின்றன. ஆதலின் ஊர் பேர் அறியாத ஒருவன் எழுதிய ஏவலைத் தலைவனுடைய ஏவலாகக் கொண்டு அது நடந்துவிடக் கூடும்.

இது வெறுங் கற்பனையன்று. மைக்ரோசொப்ட் 365 கோபைலட்டில் இருந்த 'எக்கோலீக்' என்னும் பழுது 2025 ஜூனில் வெளிப்படுத்தப்பட்டது. அந்நியன் ஒருவன் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாற் போதும். பெற்றவர் அதனைத் திறக்கவும் வேண்டா. பின்னொரு வேளை அவர் உதவியாளனிடம் வேறெதையோ வினவ, அது அக்கடிதத்தையும் தேடியெடுத்து, அதிலுள்ள ஏவலின்படி உள்வீட்டுச் செய்திகளை வெளியே கசியவிடும். அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை என்றும், பழுது திருத்தப்பட்டதென்றும் அந்நிறுவனம் அறிவித்தது. ஒரு வாயில் அடைபட்டது. குறை அடியோடு தீர்ந்ததில்லை.

ஒவ்வொரு செயலுக்கும் நம் சம்மதம் கேட்கச் செய்தாற் போதுமே என்பார் உளர். நாளொன்றுக்கு நூறுமுறை கேட்டால் எவரும் படியாமலே சம்மதிப்பர். அனுப்புதற்கும் அழித்தற்கும் மட்டுமே கேட்டல் நன்று. அதனினும் முதன்மையானது, அந்நியர் கடிதத்தைப் படித்தல், மறைபொருட் கோவையைத் திறத்தல், வெளியே அனுப்புதல் ஆகிய மூன்று உரிமைகளும் ஒரு கையிற் சேராமற் காத்தல்.

நம் பாடசாலைகளிலும் மாணவர் புள்ளிப் பதிவேடுகள் மின்கோவைகளாகி வருகின்றன. பிள்ளைகளின் புள்ளிகளும் பெற்றோர் தொலைபேசி எண்களும் அடங்கிய கோவையை, எவரும் எழுதக்கூடிய அஞ்சற்பெட்டியைப் படிக்கும் உதவியாளனோடு இணைக்க அதிபர் ஒருவர் விரும்புவாராயின், யான் மறுத்தே உரைப்பேன். அஞ்சல்களை அது படிக்கட்டும். மறுமொழிக்கு வரைவும் எழுதட்டும். பதிவேட்டின் திறவுகோலும் அனுப்பும் பொத்தானும் இலிகிதர் அம்மையாரிடமே இருக்கட்டும்.