வளர்ப்பது வீரர்களையா, கையிருப்பையா?

2025 செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பில், சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யுசிஐ ஒரு புதிய விதியைப் புகுத்தியது. உச்ச நிலையான வேர்ல்ட் டூர் அணிகளிலோ, அடுத்த நிலையான புரோ அணிகளிலோ ஒப்பந்தமானவர்கள் 23 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இனி போட்டியிட முடியாது. தொழில்முறை வீரர்கள் வந்து, வளரும் பையன்களின் பதக்கத்தைத் தட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது நோக்கம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்தது என்ன? அந்தப் பிரிவின் சாலைப் பந்தயத்தை வென்றவர் இத்தாலியின் லொரென்சோ ஃபின். ரெட் புல் - போரா அணியின் ‘ரூக்கீஸ்’ என்ற இளையோர் அணியைச் சேர்ந்தவர். தனிநபர் நேரப் பந்தயத்தை வென்ற ஸ்வீடனின் யாகோப் சோடர்குவிஸ்ட், லிடில் - டிரெக் அணியின் இளையோர் அணிக்காரர். ஒரே நிறுவனம், ஒரே பயிற்சியாளர் வட்டம், ஒரே சைக்கிள் கம்பெனி. பெயர்ப் பலகை மட்டும் வேறு. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த கதைதான் இது.

அதற்கு ஒரு மாதம் முன்பு இன்னொரு வேடிக்கை. வருங்கால நட்சத்திரங்களை அடையாளம் காட்டுவதாகச் சொல்லப்படும் ‘தூர் து லாவனீர்’ பந்தயத்தை பிரான்ஸின் போல் செய்க்ஸாஸ் வென்றார். வயது 18. ஆனால், அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அவர் டெகத்லான் - ஏஜி2ஆர் வேர்ல்ட் டூர் அணியின் வீரர். ஜூனிலேயே ‘தோஃபினே’ பந்தயத்தில், தூர் து பிரான்ஸ் சாம்பியன்களான போகாச்சாரும் விங்கெகோரும் ஓட்டிய அதே சாலைகளில், 8ஆம் இடம் பிடித்தவர். கிகாலியில் அவர் பெரியவர்களோடுதான் போட்டியிட வேண்டும்; ஆகஸ்டில் ஆல்ப்ஸ் மலையில் மட்டும் பையனாக இருந்துகொள்ளலாம். இந்த விதியை எழுதியவர்களுக்குத் தாங்கள் எதைத் தடுக்கிறோம் என்பது தெரிந்திருந்ததா?

தடுக்க வேண்டியது போட்டியிடும் பிரிவை அல்ல, ஒப்பந்தத்தை. பள்ளிப் படிப்பை முடிக்காத பையன்களைப் பெரிய அணிகள் வாங்கிக் குவிப்பதுதான் நோய். அதற்கு ‘திறமை வளர்ப்பு’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். வளர்ப்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த அணிகள் இல்லை.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். முன்பெல்லாம் அணி மேலாளர் ஒருவர் பந்தயச் சாலையோரம் நின்று, மழையில் யார் முன்னே போகிறான், ஏற்றத்தில் யார் திரும்பிப் பார்க்காமல் ஏறுகிறான் என்று கவனிப்பார். இன்று பையனின் சைக்கிளில் உள்ள பவர் மீட்டர் பேசுகிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட், எத்தனை நிமிடத்துக்கு? ஏஜெண்ட் அந்தக் கோப்பை அனுப்புகிறார். அணியின் ஆய்வாளர் கணினியில் வரைபடம் பார்க்கிறார். 16, 17 வயதில் பேச்சு தொடங்கிவிடுகிறது. ரெட் புல் - போராவுக்கு ‘ஆட்டோ ஏடர்’ என்ற ஜூனியர் அணியே உண்டு. ஃபின் அங்கிருந்து வந்தவர்தான். ஜூனியர்கள் பெரிய கியர் போட்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஒரு பெடல் சுற்றுக்கு 7.93 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. 2023 முதல் அதையும் யுசிஐ எடுத்துவிட்டது. பையன்களைப் பையன்களாக வைத்திருந்த கடைசி வேலியும் போயிற்று.

ஆய்வக எண்களில் மயங்குபவர்களுக்கு ஒரு பெயர்: ஆஸ்கர் ஸ்வென்சன். நார்வேக்காரர். 2012இல், 18 வயதில், ஆக்ஸிஜன் உள்வாங்கும் திறனைச் சோதித்தபோது கிலோவுக்கு நிமிடத்துக்கு 97.5 மில்லி லிட்டர் என்று வந்தது. அதுவரை பதிவானவற்றிலேயே மிக அதிகம் என்று உலகமே பேசியது. அதே ஆண்டு ஜூனியர் நேரப் பந்தயத்தில் உலக சாம்பியனும் ஆனார். 2014இல், 20 வயதில், சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டார். நுரையீரலும் இதயமும் அப்படியேதான் இருந்திருக்கும். தினமும் ஆறு மணி நேரம் சாடிலில் உட்கார விருப்பம் இருக்கிறதா என்று எந்த இயந்திரமும் அளப்பதில்லை.

இனி, நான் எங்கு போனாலும் சொல்லிக்கொண்டிருக்கும் கணக்குக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் இந்த விவாதமே வீண்.

‘தூர் து லாவனீர்’ 2007 முதல் 23 வயதுக்கு உட்பட்டோரின் நாட்டு அணிகளுக்கான பந்தயமாக நடக்கிறது. 2020இல் மட்டும் நடக்கவில்லை. ஆக 2025 வரை 18 வெற்றியாளர்கள். பௌக்கே மொலெமா, யான் பாக்லன்ட்ஸ், ரொமான் சிக்கார், நைரோ கின்டானா, எஸ்தபான் சாவெஸ், வாரன் பார்கில், ரூபன் ஃபெர்னாண்டஸ், மிகெல் ஏங்கெல் லோபெஸ், மார்க் சோலெர், தாவித் கோது, ஏகன் பெர்னால், தாடேய் போகாச்சார், தோபியாஸ் ஃபொஸ், தோபியாஸ் யோஹானசன், சியான் ஐட்டெபுரூக்ஸ், இசாக் தெல் தோரோ, ஜோசஃப் பிளாக்மோர், செய்க்ஸாஸ். தங்கள் வயதில் உலகிலேயே சிறந்தவர்கள் என்று ஆல்ப்ஸ் மலையில் நிரூபித்தவர்கள் இவர்கள். இவர்களில் தூர் து பிரான்ஸ், ஜிரோ, வுவெல்டா ஆகிய மூன்று பெரும் பந்தயங்களில் ஒன்றையாவது 2025 முடிவதற்குள் வென்றவர்கள் எத்தனை பேர்? மூவர். கின்டானா, பெர்னால், போகாச்சார்.

வேறு விதமாகவும் எண்ணிப் பார்த்தேன். 2007 முதல் 2025 வரை 57 பெரும் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. இந்த 18 பேர் வென்றவை ஒன்பது. கின்டானா இரண்டு, பெர்னால் இரண்டு, மீதி ஐந்தும் போகாச்சார். 48 பட்டங்கள் அந்தப் பட்டியலில் இல்லாதவர்களுக்குப் போயின. 2007இல் வென்றவர் அதே ஆண்டில் பெரும் பந்தயத்தை வெல்ல முடியுமா என்று குறுக்கே கேட்பவர்கள் தாராளமாக முதல் ஐந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டு எண்ணட்டும். படம் மாறாது.

அந்த 48 யாருக்குப் போயின என்பதில்தான் சுவை. காடெல் எவன்ஸ் மவுன்டன் பைக்கிலிருந்து வந்து 34 வயதில் தூர் வென்றார். பிராட்லி விகின்ஸ் டிராக் பந்தயக்காரர். கிறிஸ் ஃபுரூமோ 2006இல் கென்ய சம்மேளனத் தலைவரின் பெயரில் தானே மின்னஞ்சல் அனுப்பி உலக சாம்பியன்ஷிப்புக்குப் பெயர் கொடுத்தவர். போய் நேரப் பந்தயத்தில் ஓர் அதிகாரி மீதே மோதினார். அந்தப் பையனை எந்த அணியின் கணினி தேர்ந்தெடுத்திருக்கும்? நான்கு தூர் பட்டங்கள். பிரிமோஷ் ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டல் வீரர். 2007இல் அதில் ஜூனியர் உலக அணிப் பட்டம் வென்றவர். 20 வயது கடந்த பிறகே பந்தய சைக்கிளுக்கு வந்தார். நான்கு வுவெல்டா, ஒரு ஜிரோ. 2025 தூரில் மூன்றாம் இடமும் சிறந்த இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டையும் பெற்ற ஃபுளோரியான் லிபோவிட்ஸ் பயாத்லானிலிருந்து வந்தவர். ஜூனியர் அணி நடத்தும் அதே ரெட் புல் அணியில்தான் அவரும் இருக்கிறார் என்பது கூடுதல் தகவல்.

“போகாச்சார் 21 வயதில் தூர் வெல்லவில்லையா? காலம் மாறிவிட்டது” என்பார்கள். இதைச் சொல்பவர்கள் அவருடைய வரலாற்றைப் படித்ததில்லை. ஜூனியர் வயது முடிந்ததும் அவரை எந்தப் பெரிய அணியும் தூக்கிக்கொண்டு போகவில்லை. லுப்லியானாவில், தான் சைக்கிள் கற்ற ஊரின் அணியிலேயே 2017, 2018 இரண்டு பருவங்களும் ஓட்டினார். யுஏஇ அணிக்கு வந்தபோது வயது 20. யோனாஸ் விங்கெகோர் இன்னும் தாமதம். டென்மார்க்கின் ஹன்ஸ்தோல்ம் துறைமுகத்தில் காலை வேளையில் மீன் வேலை பார்த்துவிட்டு மதியம் பயிற்சிக்குப் போனவர். யும்போ அணியில் சேர்ந்தபோது 22. 2020 முதல் 2025 வரை ஆறு தூர்களையும் இந்த இருவர்தான் பங்குபோட்டுக்கொண்டார்கள். இருவருமே ஊரில் விளைந்தவர்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ரெம்கோ எவனபூலைக் காட்டுவார்கள். 17 வயதுவரை காற்பந்து ஆடியவர், 19 வயதில் நேரடியாக வேர்ல்ட் டூர். ஆம், அபூர்வப் பிறவி. 20 வயதில் லொம்பார்தியா பந்தயத்தில் பாலத்திலிருந்து பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவரும் அவர்தான். மலை இறக்கத்தில் கூட்டத்தோடு சேர்ந்து இறங்கிப் பழகச் சிறுவர் பந்தயங்களில் பத்தாண்டு தேவைப்படும் என்று பழைய ஆட்கள் சொல்வதை அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம்.

பிறகு ஏன் அணிகள் இதையே செய்கின்றன? முட்டாள்கள் என்பதால் அல்ல. சாலைப் பந்தயத்துக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. தொலைக்காட்சிப் பணம் அணிகளுக்கு அல்ல, பந்தயம் நடத்துபவர்களுக்குப் போகிறது. அணி ஸ்பான்சரின் தயவில் வாழ்கிறது. மூன்றாண்டுப் புள்ளிப் பட்டியலில் கீழே போனால் உச்ச நிலை உரிமம் பறிபோகும். 2022 முடிவில் லோட்டோவும் இஸ்ரேல் - பிரீமியர் டெக்கும் அப்படித்தான் இறங்கின. முதிர்ந்த நட்சத்திரத்தின் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. பையனோ மலிவு. பத்துப் பேரை வாங்கினால் ஒருவன் தேறினால் போதும். மற்ற ஒன்பது பேரின் வாழ்க்கை அணியின் கணக்குப் புத்தகத்தில் வராது. தேறியவனையாவது நிம்மதியாக விடுகிறார்களா? ஐட்டெபுரூக்ஸ் 2023 டிசம்பரில் ஒப்பந்தம் முடியாமலே போராவிலிருந்து விஸ்மாவுக்குப் போனார், பெரும் தகராறு. அங்கும் நிலைக்கவில்லை. 19 வயதில் வுவெல்டாவில் மூன்றாம் இடம் பிடித்த ஹுவான் ஆயுசோ, பல ஆண்டு ஒப்பந்தம் பாக்கியிருக்க, கசப்போடு யுஏஇயை விட்டு வெளியேறினார்.

ஒழுங்காக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஷாம்பெரி நகரில் 2002இல் தொடங்கிய பயிற்சி அமைப்பில் சைக்கிளோடு படிப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ரொமான் பார்தே அங்கு வளர்ந்து, 21 வயதில் தொழில்முறைக்கு வந்து, தூரில் இரண்டாம் இடம்வரை போனார். குரூபாமா - எஃப்டிஜே அணி 2019இல் பெசான்சோனில் இளையோர் அணி தொடங்கி, 2023இல் ஒரு கூட்டத்தையே மேலே ஏற்றியது. இரண்டே ஆண்டுகள். 2025 பருவத்துக்குள் லெனி மார்த்தினெஸ் பஹ்ரைனுக்கு, லாரன்ஸ் பித்தி ரெட் புல்லுக்கு, சாம் வாட்சன் இனியோஸுக்கு. நாற்று விட்டவர் ஒருவர், அறுவடை செய்தவர் மூவர்.

பெசான்சோனுக்காவது பெரிய அணியின் பணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு வயதுப் பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போகும் ஊர் கிளப்புக்கு என்ன கிடைக்கிறது? காற்பந்தைப் பாருங்கள். 2001 முதல் ஃபிஃபாவில் பயிற்சி இழப்பீடு என்று ஒன்று இருக்கிறது. 12 வயதிலிருந்து ஒருவனைப் பழக்கிய கிளப்புகளுக்கு, அவன் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது பணம் போக வேண்டும். பிறகு விற்கப்படும் தொகையிலும் 5 சதவீதம் வளர்த்தவர்களுக்கு. குக்கிராமத்துக் கிளப் ஒன்று ஒரே ஒரு பையனால் விளக்குக் கம்பம் நட்டு, மைதானம் திருத்தி, பத்தாண்டு ஓடிவிடலாம். சாலை சைக்கிளில் இதற்கு ஈடான ஏற்பாடு இல்லை. போகாச்சாரை வளர்த்த லுப்லியானா கிளப்புக்குக் காற்பந்துக் கணக்குப்படி என்ன சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தாலியின் நிலைமை கண்ணெதிரே தெரிகிறது. லம்ப்ரே அணியின் உரிமம் 2017இல் யுஏஇயிடம் போனதிலிருந்து அந்த நாட்டுக்கு வேர்ல்ட் டூர் அணி கிடையாது. கடைசியாக தூர் வென்ற இத்தாலியர் வின்சென்சோ நிபாலி, அது 2014. காரணம் ஒன்றே ஒன்று: கிளப்புகள் காய்ந்துவிட்டன.

“ஐரோப்பியச் சட்டம் இதை அனுமதிக்காது, வேலைக்குப் போகும் சுதந்திரம் பாதிக்கப்படும்” என்று அணிகளின் வக்கீல்கள் சொல்வது பொய்ச் சாக்கு. ஒலிவியே பெர்னார் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. லியோன் கிளப்பில் பயின்று நியூகாசிலுக்குப் போன காற்பந்து வீரர் அவர். இளைஞர்களைப் பயிற்றுவிப்பதை ஊக்குவிக்க இழப்பீடு கேட்பது தகும். ஆனால், அது உண்மையான பயிற்சிச் செலவோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், அபராதமாக இருக்கக் கூடாது என்றது நீதிமன்றம். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போகத்தான் ஆளில்லை.

கிகாலியில் உலக சாம்பியன்ஷிப் நடந்த அதே வாரத்தில் தாவித் லப்பார்சியான் எதிர்ப் போட்டியாளரே இல்லாமல் யுசிஐ தலைவராக மீண்டும் தேர்வானார். 2029 வரை அவருக்கு நாற்காலி உறுதி. வாக்குக்காக அணி முதலாளிகளிடம் பல்லிளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கொண்டுவர வேண்டிய விதி இதுதான்: 20 வயது நிரம்பாத எவரோடும் வேர்ல்ட் டூர் அணி ஒப்பந்தம் போடக் கூடாது, அதன் இளையோர் அணி உட்பட. அதற்குப் பிறகு போடும் முதல் ஒப்பந்தத்தில், 12 வயதிலிருந்து பழக்கிய ஒவ்வொரு கிளப்புக்கும் ஆண்டுக் கணக்குப் போட்டுப் பணம். செய்க்ஸாஸ் போன்றவர்களுக்கு இரண்டு ஆண்டு காத்திருப்பு. அதில் யாருடைய தலையும் போய்விடாது. மறுக்கும் அணியின் உரிமத்தை லப்பார்சியான் ரத்து செய்யட்டும், அது ரெட் புல்லாக இருந்தாலும் யுஏஇயாக இருந்தாலும்.